பெயரில்லாத ஏழு குரல்கள்

ஹார்டு டிஸ்க்குக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தவர்கள் உலகத்திலேயே அந்த மருத்துவமனைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். கை நழுவித் தரையில் விழுந்த டிஸ்க், கணினியில் சொருகியதும் டக், டக் என்று சத்தம் போட்டதே தவிர உள்ளே இருந்த எதையும் காட்டவில்லை. பேச்சுப் பயிற்சி அறைக்கு எதிர் அறை பிசியோதெரபி. அங்கிருந்தவர் எட்டிப் பார்த்து, குளிர்ச்சியில் வைத்தால் சில சமயம் சரியாகிவிடும் என்று எங்கேயோ படித்ததாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், முழங்கால் வீக்கத்துக்கு வைக்கிற நீல ஐஸ் பையையும் எடுத்து வந்து கொடுத்தார். டிஸ்க் ஒரு மதியம் முழுக்கத் துண்டில் சுற்றிக்கொண்டு அதன்மேல் படுத்துக் கிடந்தது. மாலையில் எடுத்துச் சொருகினால் பழையபடி அதே சத்தம்தான்.

இந்தக் கதையைக் கேட்ட டிஸ்க்காரர் டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை வைத்துக்கொண்டு, கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுக்கிற மனிதர். ஐம்பது வயதிருக்கும். யாரோ இப்போதுதான் காலை மிதித்துவிட்டுப் போன மாதிரி முகத்தில் எப்போதும் ஒரு கடுப்பு.

"ஈரம் உள்ள போயிருந்தா கைகழுவ வேண்டியதுதான். எத்தன தடவ சொருகிப் பாத்தீங்க?"

பேச்சுப் பயிற்சிப் பெண் மனசுக்குள் எண்ணினாள். "பத்து... பதினஞ்சு தடவ இருக்கும் சார்."

"கால் ஒடஞ்சவன பதினஞ்சு தடவ எழுப்பி நடக்க விட்டுப் பாத்திருக்கீங்க. ஆஸ்பத்திரியில வேல பாக்குறவங்க வேற."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, பாவம். கூட வந்திருந்த போர்டு அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"சார், திட்டுறத அப்புறம் நிதானமா திட்டிக்குங்க. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரோட குரல் இருக்கு. வருமா, வராதா, அத மட்டும் சொல்லுங்க."

போர்டு அக்கா அந்த மருத்துவமனையின் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்துமூன்று வருஷமாக ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். அவளுக்கும் ஒரு பெயர் இருக்கும் என்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். யாராவது "அக்கா" என்று வாயெடுப்பதற்குள், "சொல்லுங்க எலும்பு டாக்டர், சளி இன்னும் போகலயா?" என்று கேட்டுவிடுவாள். பேசவே வேண்டாம், மூச்சு விட்டால் போதும், ஆளைச் சொல்லிவிடுவாள் என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, மேல் தளத்தில் நின்றுகொண்டு கீழ்த் தளத்துக்குக் கத்தியே பிழைத்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முந்தின வாரம், அப்போதிருந்த பேச்சுப் பயிற்சியாளர் அவரை உட்கார வைத்து நாற்பது வாக்கியங்களைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்தார். பின்னால் ஒரு டேப்லெட் தருவார்கள். அதில் நாற்பது பட்டன்கள். 'தண்ணீர் வேண்டும்' பட்டனைத் தொட்டால் அவர் குரலிலேயே தண்ணீர் கேட்கும். காயம் ஆறி, கதிர்வீச்சு முடிந்து, டேப்லெட் கைக்கு வந்த அன்றைக்கு, குரலை எடுத்து ஏற்றலாம் என்று கொண்டுபோகும்போதுதான் டிஸ்க் கை நழுவி விழுந்தது.

வீட்டில் வேறு பதிவே கிடையாதா என்று எல்லாரும் கேட்டார்கள். கிடையாது. கேமராவை நீட்டினால் வாயை இறுக்க மூடிக்கொள்கிற ரகம் அவர். செல்போனிலும் மிஸ்டு கால் கொடுப்பதோடு சரி. ஒரு தடவை அடித்தால் வேலை முடிந்தது, இரண்டு தடவை அடித்தால் நேரமாகும். போர்டுக்கு அவர் கூப்பிட்டதே இல்லை. வேலை நேரத்தில் வீட்டு அழைப்பு வரக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். இருபத்துமூன்று வருஷமாக ஊரார் குரலையெல்லாம் காதில் வாங்கியவள், சொந்தப் புருஷன் குரலை ஒரு நாள்கூடக் கருவி வழியாகக் கேட்டதில்லை.

எட்டு மாதமாக அவர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதித்தான் பேசுகிறார். அதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். வெளியே கிளம்புவதென்றால் அவர் எப்போதும் முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அங்கிருந்தபடியே அவளை விரட்டுவார். இப்போது விரட்டக் குரல் இல்லாததால் கதவை இரண்டு தட்டு தட்டுகிறார். யாரோ வெளியாள் வந்து நிற்பதுபோல ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். போய்ப் பார்த்தால் அவர்தான் நிற்பார்.

டிஸ்க்காரர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். இடையில் இரண்டு தடவை அக்கா போய்ப் பார்த்தாள். டிஸ்க்கை வேறொரு பெட்டியோடு இணைத்து, பக்கத்தில் சின்ன மின்விசிறி வைத்து, டாக்டர்கள் போல ஸ்டெதஸ்கோப்பை அதன்மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் மனிதர். திரையில் பச்சைக் கட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பின. நடுநடுவே சிவப்பு.

"படிக்க முடியுற எடத்த முதல்ல படிச்சு வேற டிஸ்க்குல காப்பி எடுத்துக்கணும்மா. அடம் புடிக்கிற எடத்துல மல்லுக்கட்டக் கூடாது. மல்லுக்கட்டினா மொத்தமா படுத்துடும்."

"சிவப்புல எங்க வீட்டுக்காரர் இருந்தா?"

"இருக்க மாட்டார்னு நெனச்சுக்குங்க," என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் அதுதான் ஆறுதலான வார்த்தை.

பத்தாம் நாள் காலை வரச் சொன்னார். கணவன், மனைவி, பேச்சுப் பயிற்சிப் பெண் மூவரும் மாடி ஏறினார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அறையில் இருந்தது நாலு நாற்காலி. அதில் ஒன்றின்மேல் பழைய டிஸ்க்குகள் அடுக்கி இருந்ததால் டிஸ்க்காரர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். குரல்கள் வந்துவிட்டன. பெயர்கள் வரவில்லை.

"அப்படின்னா?"

"எந்த ஃபைல் எங்க இருக்கு, அதோட பேரு என்னங்கிற அட்டவணை இருக்கு பாருங்க, அது போச்சு. சத்தம் இருக்கு. யாரோடதுன்னு தெரியாது. பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல் எல்லாம் ஒதுக்கிட்டேன். ஆம்பளைங்க ஏழு பேர். ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் நானே நம்பர் போட்டிருக்கேன்."

"பேசும்போது பேரு சொல்லியிருப்பாங்களே," என்றாள் அக்கா.

பேச்சுப் பயிற்சிப் பெண் தொண்டையைச் செருமினாள். "இல்லக்கா. பேஷண்ட் பேரு பதிவுல வரக்கூடாதுன்னு ரூல். எந்த நம்பர் யாருன்னு ஒரு லிஸ்ட் தனியா வெச்சிருந்தாங்க."

"அத எடும்மா."

"அதுவும் இந்த டிஸ்க்லதான்க்கா இருந்துச்சு."

டிஸ்க்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பதிவுசெய்த பழைய பயிற்சியாளர் எப்போதோ வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். டிஸ்க் விழுந்த அன்றே யார் யார் பதிவு அதில் இருக்கிறது என்று மெயில் போட்டுக் கேட்டதற்கு, எல்லாம் லிஸ்டில் இருக்கிறது என்று பதில் வந்ததாம்.

"ஒண்ணும் பிரச்சன இல்ல," என்று அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். "போடுங்க. ஒரு வாய் பேசட்டும், சொல்லிடுறேன்."

கணவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டார்.

டிஸ்க்காரர் ஒன்றாம் எண்ணைப் போட்டார். கரகரத்த ஒரு குரல், "எனக்குத் தண்ணீர் வேண்டும். தயவுசெய்து கதவைச் சாத்தவும். இன்று வலி குறைவாக இருக்கிறது," என்று பாடம் ஒப்பித்தது. அக்கா தலையை ஆட்டினாள். இல்லை. இரண்டாம் எண் வந்தது. அதே கரகரப்பு, அதே தண்ணீர், அதே கதவு. அவள் நெற்றி சுருங்கியது. மூன்று. நாலு. ஐந்துக்கு வரும்போது அவள் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"முதல்ல இருந்து போடுங்க."

முதலிலிருந்து போட்டார். ஏழு பேருக்கும் தொண்டையில் கட்டி. ஏழு பேர் குரலும் ஏற்கெனவே கெட்டுப்போன குரல். ஏழு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சடித்த தாளைக் கையில் பிடித்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பையன்களைப்போல ஒரே இழுவையில் வாசித்திருக்கிறார்கள். தயவுசெய்து கதவைச் சாத்தவும் என்று அவள் கணவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா? அவர் ஏதாவது வாசித்துக்கூட அவள் கேட்டதில்லை. செய்தித்தாளையே வாய்க்குள்தான் படிப்பார்.

இரண்டு என்று தோன்றியது. மறுபடி கேட்டால் ஆறு. ஆறைக் கேட்டுவிட்டு இரண்டுக்கு வந்தால் இரண்டும் இல்லை, ஐந்தோ என்று இருந்தது. கண்ணை மூடிக் கேட்டாள். ஹெட்ஃபோன் வாங்கி, போர்டில் கேட்பதுபோல ஒற்றைக் காதில் வைத்துக் கேட்டாள். வாக்கியத்துக்கு முன்னால் மூச்சு எப்படி வருகிறது என்று பார்த்தாள். கட்டி வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கினார்கள். கேட்கக் கேட்க, தன் மனசுக்குள் இருந்த அவர் குரலும் கலங்க ஆரம்பித்தது. அது எப்படி இருக்கும்? கொஞ்சம் கீச்சென்று இருக்கும். கீச்சென்றா, கனமாகவா? நேற்றுவரை தெரிந்திருந்ததே. அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"பத்துப் பத்து வாக்கியம் கேட்டாச்சு. முழுசா போட்டா நாள் பத்தாது," என்றார் டிஸ்க்காரர். "மூணு மணிக்கு மத்த ஆறு வீட்டுக்காரங்களும் வராங்க. ஒருத்தர் தப்பா எடுத்துட்டுப் போனா எல்லாருக்கும் மாறிடும்."

தப்பாகச் சொன்னால் முன்பின் தெரியாத ஒரு மனுஷன் காலம் பூராவும் அவள் வீட்டில் தண்ணீர் கேட்பான். அவள் புருஷன் யாரோ ஒரு பெண்ணின் வீட்டில் வலி குறைவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதை அவள் தெரிந்துகொள்ளவே வழியில்லை.

"சார் இருக்காரே," என்றாள் பயிற்சிப் பெண். "அவரையே கேட்டா என்ன? தன்னோட குரல் வெளியில இருந்து கேட்டா நெறைய பேருக்குப் புரியாதுதான். இருந்தாலும்..."

எல்லாரும் கணவர் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பலகையை எடுத்துத் தயக்கமே இல்லாமல் எழுதித் தூக்கிக் காட்டினார்.

4.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலாம் எண்ணை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஏழில் அது ஒன்றுதான் கொஞ்சம் தப்பித்த குரல். கரகரப்புக்கு அடியில் நல்ல கனம் இருந்தது. மேடையில் நின்று நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இருக்கிற குரல்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலா?"

அவர் எழுதினார்: நான்தான். எனக்குத் தெரியாதா?

"இவ்வளவு கம்பீரமாவா பேசுவீங்க?"

'ஏன், பேசக் கூடாதா' என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அக்கா நாலை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். இப்போது கேட்டால், இருக்குமோ என்று இருந்தது. இருபத்தெட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்ததால், நன்றாகத்தான் பேசியிருக்கிறார், நாம்தான் காதில் வாங்கவில்லையோ? எலும்பு டாக்டரின் சளியைக் கண்டுபிடித்தவளுக்குக் கட்டிய புருஷன் குரல் தெரியவில்லை என்று நாளைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவரே சொல்லும்போது நான் என்ன சொல்றது," என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "நாலையே ஏத்திடுங்க."

டிஸ்க்காரர் டேப்லெட்டை வாங்கிக் கணினியில் இணைத்தார். ஒவ்வொரு வாக்கியமாக வெட்டிப் பட்டனில் வைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார். அதற்குள் மூன்று மணிக்காரர்களுக்காக மற்ற ஃபைல்கள் கடைசிவரை ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம் என, ஒவ்வொன்றின் வாலையும் ஓட்டிக் கேட்டார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பயிற்சிப் பெண் ஜன்னலருகே நின்று யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா, பெற்றுக்கொண்டதற்கான தாளில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மணிக்கு அவள் போர்டில் இருந்தாக வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். குடையைக் காணோம். நாற்காலிக்குக் கீழே குனிந்தாள், டிஸ்க் அடுக்குக்குப் பின்னால் பார்த்தாள். வரும்போது நனைந்த குடையை எங்கேயோ ஓரமாகச் சாத்தி வைத்தோமே என்று யோசித்துக்கொண்டே மேசைக்கு அடியில் தலையை விட்டாள்.

"கிளம்பலாமா?"

"இருங்க, கொடைய எங்க வெச்சேன்னு பாத்துட்டு வரேன். ஒரு நிமிஷம் நிக்க மாட்டீங்களே," என்றாள் அக்கா, எரிச்சலாக, மேசைக்கு அடியிலிருந்து.

பயிற்சிப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அக்கா மெல்லத் தலையை வெளியே இழுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். டிஸ்க்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றிருந்தது.

"இப்ப யாரு பேசினது?" என்று கேட்டாள்.

"ஆறு. நாப்பதாவது வாக்கியம்."

"திருப்பிப் போடுங்க."

போட்டார். கீச்சென்ற குரல். பொறுமை இல்லாத குரல். முப்பத்தொன்பது வாக்கியங்களை மாணவனாக இருந்து வாசித்த மனுஷன், நாற்பதாவதில் அச்சடித்திருந்ததை விட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டு, நிஜமாகவே எழுந்து போகிற அவசரத்தில் கேட்டிருக்கிறார். கிளம்பலாமா? இருபத்தெட்டு வருஷமாக வாசலிலிருந்து அவளை விரட்டிய அதே விரட்டல். அதற்கு அவள் சொன்ன பதிலும் இருபத்தெட்டு வருஷமாகச் சொன்ன அதே பதில்தான்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. பொய் அகப்பட்டுக்கொண்டால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். "முதல் தடவ கேட்டப்பவே தெரிஞ்சிருக்கு."

அவர் பலகையை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

4 நல்லா இருக்கு.

"நல்லா இருந்தா? அது யாரோ ஒருத்தரோடது. அவங்க வீட்டுல இருந்து மூணு மணிக்கு வராங்க. அவங்க என்னத்த எடுத்துட்டுப் போவாங்க, உங்களையா? நான் இங்க பைத்தியக்காரி மாதிரி ஒரு மணி நேரமா..." இருந்த கோபத்துக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பாள்.

அவர் பலகையைத் துடைத்துவிட்டு நிதானமாக எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

எண்ணெய் போடாத லிஃப்ட் கதவு மாதிரி இருக்குன்னு நீதான சொல்வ. மாத்திக்க ஒரு சான்ஸ் வந்துச்சு. உனக்காவது நல்லா இருக்கட்டும்னு பாத்தேன்.

அக்கா அதைப் படித்தாள். சொல்லியிருக்கிறாள்தான். ஒரு தடவையா, இரண்டு தடவையா, வாசலில் நின்று அவர் விரட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். அதை இந்த மனுஷன் மனசில் போட்டு வைத்திருக்கிறார் என்று இன்றுதான் தெரிகிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முன்னால் வந்தது அழுகைதான்.

"யாராவது மூஞ்சியத் தொடச்சுக்கணும்னா அங்க துணி இருக்கு. லென்ஸ் தொடைக்கிறது, சுத்தமான துணி," என்றார் டிஸ்க்காரர் சுவரைப் பார்த்தபடி. பிறகு நாலாம் எண்ணை டேப்லெட்டிலிருந்து அழித்துவிட்டு ஆறாம் எண்ணை எடுத்தார்.

முதல் பட்டனாகக் கடைசி வாக்கியத்தையே வைக்கச் சொன்னாள் அக்கா. தண்ணீரை அவரே எடுத்துக் குடித்துக்கொள்வார், அதற்கு அவசரம் இல்லை என்றாள். குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. பயிற்சிப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

டேப்லெட் கைக்கு வந்ததும் கணவர் எழுந்து போய், செருப்பை மாட்டிக்கொண்டு, படிக்கட்டு வாசலில் நின்றார். கதவைத் தட்டுவதற்குக் கையை ஓங்கியவர், நினைவு வந்து நிறுத்திக்கொண்டு, முதல் பட்டனைத் தொட்டார்.

"கிளம்பலாமா?"

பை தோளில் இருந்தது. குடை கையில் இருந்தது. தேடுவதற்கு ஒன்றுமே பாக்கி இல்லை.

"இருங்க," என்று சொல்லிவிட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.